மூன்றாம் நம்பர் கணினியில் முப்பத்தெட்டு வாரம்

ரெங்கசாமி சந்திரகலாவை முதலில் பார்த்தது 1998இல், ஒரு சனிக்கிழமை காலை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாடியேறிப் போகிற ஒரு சைபர் கபே. செமினி ரப்பர் தோட்டத்திலிருந்து படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். வேலைக்கு மனுப்போட்டுவிட்டு, பதில் வரும்வரை அங்கே கல்லாவில் உட்கார்ந்திருந்தான். அவளோ கிள்ளானை அடுத்த மேரு என்ற ஊரில் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, கிள்ளானில் ரயிலேறி நேராக வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் வெள்ளைப் பொடி.

"மூணாம் நம்பர் வேணும் அண்ணே."

"அதுல ஆளு இருக்கு. அஞ்சு காலிதான்."

"அஞ்சுல தமிழ் வராது. நான் நிக்கிறேன்."

முக்கால் மணி நேரம் நின்றாள். சுவரில் சாய்ந்து ஒரு தூக்கமும் போட்டுவிட்டாள்.

வார நாளில் அவள் பல்கலைக்கழக மாணவி. இணையத்தில் தனக்கென ஒரு பக்கம் அமைத்து, சனிக்கிழமைதோறும் எதையாவது எழுதி ஏற்றுவாள். ஒரு நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாராவாரம் எழுதுகிறவரின் இடம் அடுத்த ஆண்டு காலியாகிறது. அதைப் பிடிக்க வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே ஆசை அது.

அவள் போனதும் ரெங்கசாமி அதே மூன்றாம் நம்பரில் உட்கார்ந்து படிப்பான். ஆரம்பத்தில் நிலா பொட்டு வைத்துக்கொண்டது, மழை அழுதது. அவனுக்குப் பிடித்திருந்தது. இருபது வாரம் போனபின் எழுத்து மாறியது. 'பஸ் வரவில்லை. பவுனம்மாள் அக்கா செருப்பைக் கழற்றி அதன்மேல் உட்கார்ந்தார். யாரும் பேசவில்லை.' அவ்வளவுதான்.

"என்னம்மா, எழுத்து வறண்டு போச்சே? ரெண்டு உவமை போடக்கூடாதா?"

"உவமைக்கெல்லாம் தெம்பு வேணும் அண்ணே. நீங்க டிகிரி வாங்கினவங்க, உக்காந்தே இருக்கீங்க, போடுங்க லா."

முப்பத்தெட்டாவது வாரம் பக்கத்தின் முகவரியை நாளிதழுக்கு அனுப்பினாள். சில நாளில் பதில் வந்தது. 'திறந்து பார்த்தோம். எழுத்துக்குப் பதில் ஏதோ குறிகள்தான் தெரிகின்றன. மூன்று கட்டுரைகளைத் தாளில் அனுப்பவும்.'

ரெங்கசாமி ஐந்தாம் நம்பரில் அந்தப் பக்கத்தைத் திறந்தான். ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியுமாகக் கொட்டிக் கிடந்தது. அவள் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு மூன்றாம் நம்பரில் மட்டும்தான் இருந்தது. படிக்கிறவர்களும் அதைத் தங்கள் கணினியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. வேறெங்கும் திறந்து பார்த்ததும் இல்லை.

பக்கத்தின் அடியில், வந்துபோனவர்கள் 312 என்றிருந்தது.

"என் கூட்டாளிங்க எல்லாம் படிச்சேன், சூப்பர்னாங்களே அண்ணே!" சிரித்தாள். சிரித்துக்கொண்டே மேசையில் தலையைச் சாய்த்தாள்.

பிறகு முப்பத்தெட்டையும் அச்செடுத்துத் தரையில் பரப்பினாள். ரெங்கசாமி நிலாவையும் மழையையும் எடுத்து நீட்டினான். அவள் வாங்கிப் படித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இதெல்லாம் ஊரே பாக்குதுன்னு நெனச்சு எழுதினது. வேணாம்."

"அப்ப எது?"

"இது. பொய் சொல்லக்கூட முடியாம அசந்து போயி எழுதினது."

பஸ் வராத நாளோடு இன்னும் இரண்டை எடுத்தாள். ரெங்கசாமி மறுபடி படித்துப் பார்த்தான். முப்பத்தெட்டு வாரக் கணக்கையும் கடைப் போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்து, அவனே உறையில் போட்டு ஒட்டினான்.

அடுத்த வாரம் நாளிதழின் ஆசிரியர் சண்முகரத்தினம் கடைக்குப் போன் போட்டார். அவள் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"முப்பத்தெட்டு வாரமும் எழுதினீங்களா? நடுவுல விடலையா?"

"ஒரு வாரம் காய்ச்சல் சார். நாலு வரிதான் எழுதினேன்."

"அந்த நாலு வரியையும் அனுப்புங்க. ஜனவரியிலிருந்து நீங்கதான்."

துள்ளுவாள் என்று ரெங்கசாமி பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கேட்டது ஒன்றுதான்: "எந்தக் கிழமை குடுக்கணும் சார்?"

இப்போது சந்திரகலா கடைசி ஆண்டு மாணவி. புதன்தோறும் அந்தப் பக்கத்தில் அவள் எழுத்து வருகிறது. இதுவரை ஒரு வாரமும் தவறவில்லை. வெள்ளி இரவு ஷிப்ட்டையும் விடவில்லை.