இருட்டில் ஊதும் சங்கு

"இருட்டடிப்புப் பொறுப்பாளர்: திடகாத்திரமானவர், உரத்த குரலுடையவர், நெருக்கடியில் பதறாதவர்" என்றது சுற்றறிக்கை. எல்லையில் சண்டை மூண்ட மே மாதம் அது. இரவில் குண்டுபோட விமானம் வந்தால் கீழே ஊர் இருப்பதே தெரியக்கூடாது, அதற்கு ஒத்திகை. கட்டபெட்டுப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் அந்தப் பொறுப்பு ஃபேக்டரி வாட்ச்மேன் ராஜரத்தினத்தின் தலையில் விழுந்தது. மஃப்ளர் சுற்றினால்தான் கழுத்து இருப்பதே தெரியும் ஒல்லி உடம்பு. பக்கத்தில் நின்றாலும் 'என்னங்க?' என்று திருப்பிக் கேட்க வைக்கும் குரல். மூன்றாவது தகுதி மட்டும் பொருந்தியது. மனைவி ஃபெபி போனபிறகு அவர் எதற்கும் பதறுவதில்லை, சிரிப்பதுமில்லை.

மற்ற நாளில் மூடுபனி செலவில்லாமல் செய்துவிடும் வேலைதான். அன்றைக்கென்று வானம் துடைத்துவைத்தாற்போல் இருந்தது.

ஏழரைக்கு ஃபேக்டரிச் சங்கு ஊத வேண்டும், ஊதியதும் எல்லா விளக்கும் அணைய வேண்டும், எதிர்மலையிலிருந்து அதிகாரி பார்ப்பார் என்று விளக்கினான் ஆபீஸ் கிளார்க் யுவன். கோயமுத்தூரிலிருந்து புதிதாக வந்தவன். இருட்டியபின் சங்கு ஊதினால் இங்கே ஒரே அர்த்தம்தான் என்பது அவனுக்குத் தெரியாது: தோட்டத்துக்குள் போன யாரோ திரும்பவில்லை. வீட்டுக்கு ஒருவர் டார்ச்சோடு ஓடிவருவார்கள். போன நவம்பரில் விறகுக்குப் போன ஃபெபியைக் காணாமல் ராஜரத்தினமே சங்கை ஊதினார். சரிவு முழுக்க வெளிச்சமாயிற்று. காட்டெருமை அவளை முட்டித் தள்ளியிருந்த இடம் அந்த வெளிச்சத்தில்தான் தெரிந்தது.

சங்கு ஊதினால் ஊர் இருட்டாகாது, டார்ச்சுகளாகத்தான் வரும் என்று யுவனிடம் சொல்லிப் பார்த்தார். ஃபெபியின் பெயரை எடுக்கவில்லை.

"நோட்டீஸ் ஒட்டியாச்சுங்க. நீங்க பட்டனை அமுக்கினாப் போதும்" என்றுவிட்டு, அவன் அதிகாரியோடு எதிர்மலைக்குப் போய்விட்டான்.

நோட்டீஸை எல்லாரும் படித்துத்தான் இருந்தார்கள். ஆனால் ஓடுகிற கால் எங்கே படித்தது?

பொழுது சாய்ந்ததும் ராஜரத்தினம் சங்கு அறையைப் பூட்டிவிட்டு, தொழிலாளர் குடியிருப்புப் பக்கம் நடந்தார். முதல் கதவு தங்கமணியுடையது. அவரை வாசலில் பார்த்ததும் அவள் கை தானாக டார்ச்சைத் தேடியது.

"ஏனுங்க, மறுக்காவும் யாரையாச்சும் காணோமுங்களா?"

"யாரும் காணாமப் போகலீங்க. லைட்டை மட்டும் ஆஃப் பண்ணிருங்க."

அவள் அணைத்தாள். அவர் அடுத்த கதவுக்குப் போனார்.

சங்கொலி கேட்ட மாத்திரத்தில் மக்கள் முழு ஒத்துழைப்பு நல்கியதாக அறிக்கை போயிற்று. எதிர்மலைக்குச் சங்கு கேட்காது.

ராஜரத்தினம் சங்கை ஊதவில்லை. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, விளக்கை அணைக்கச் சொன்னார்.