கருப்பு வெள்ளையில் பெரியப்பா

திருவொற்றியூரில் எங்கள் டிரெய்லர் லாரி சங்க அலுவலகத்துக்குப் போனால், தலைவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் என் பெரியப்பா கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருப்பார். கண்ணாடிச் சட்டம் கிடையாது, மாலை கிடையாது, பொட்டுகூடக் கிடையாது. காலண்டர் அட்டையைவிட மெல்லிய, ஓரம் லேசாகச் சுருண்ட ஒரு தாள். யாரும் அதைச் சாதாரணக் காகிதம் என்றுதான் நினைப்பார்கள். அது மின்தாள். அதற்குள் மின்சாரம் போய் எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் பெரியப்பாவின் மீசையில் ஒரு முடிகூட மங்கவில்லை. அந்த மீசையைப் பராமரித்ததில் பாதியளவு லாரியைப் பராமரித்திருந்தால் அது நடு ரோட்டில் அத்தனை முறை நின்றிருக்காது என்பது பெரியம்மாவின் கட்சி.

அந்தத் தாளைக் கொண்டுவந்தவள் நான்தான். அப்போது தரமணியில் ஓர் ஆய்வகத்தில் வேலை. வளைகிற மின்தாளைச் செய்து பார்ப்பது எங்கள் குழுவின் வேலை. கைப்பேசித் திரை மாதிரி அது தானாக ஒளிராது. புத்தகம் மாதிரி வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தில் படிக்க வேண்டும். ஆகவே உச்சி வெயிலில்தான் இன்னும் பளிச்சென்று தெரியும். சுருட்டலாம், தூணில் சுற்றலாம். படத்தை மாற்றும்போது மட்டும் துளி மின்சாரம் வேண்டும். மாற்றிய பிறகு ஒயரைப் பிடுங்கிவிட்டாலும் படம் அப்படியே நிற்கும். பேருந்து நிறுத்தத்தில் நேர அட்டவணை, கன்டெய்னர்மேல் சரக்குச் சீட்டு, மருந்துப் புட்டியைச் சுற்றி எச்சரிக்கை என்று நாங்கள் என்னென்னவோ கனவு கண்டோம். பெரியப்பாவுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. பேனர்.

அவர் அப்போது சங்கத் தலைவர் பதவிக்கு நின்றுகொண்டிருந்தார். ஏற்கெனவே நின்று தோற்றவர். முழங்கால் வலி வந்துவிட்டதால் இதுதான் கடைசி என்று வீட்டில் சத்தியம் செய்திருந்தார். வெறும் பதவி ஆசை என்று சொல்லிவிட முடியாது. துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நிற்கும் டிரைவர்களுக்கு ஒதுங்க ஓர் இடம் கிடையாது, குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. வாழ்நாளெல்லாம் அந்த வரிசையில் நின்றவருக்கு அந்த அவதி தெரியும். தலைவரானால் முதல் வேலையாகக் கழிப்பறை கட்டுவேன் என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்த்து நின்றவர் சங்கத்தின் செயலாளர். பேச்சில் அவரை யாரும் அசைக்க முடியாது. பெரியப்பாவுக்குக் “கக்கூஸ் கட்சி” என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்தத் தாளைச் சுருட்டி எடுத்துவந்து காட்டியதும் பெரியப்பாவுக்குக் கண் விரிந்தது. “இன்னா கண்ணு சொல்ற! ஃப்ளெக்ஸு வெச்சா கடக்காத்துல ரெண்டே நாள்ல கிழிஞ்சி கால்வாய்ல கெடக்குது. இது ஒரே தாளு. இன்னிக்கிப் பொறந்த நாளு, நாளிக்கி ஓட்டு கேக்கறது, மறாநாளு நன்றி!” என்றார். ஜெயிப்பதற்கு முன்பே நன்றி வரை போய்விட்டார். கலர் வராது, கருப்பு வெள்ளைதான் என்று சொன்னேன். “கருப்பு வெள்ளையிலதான் நமக்கு மூஞ்சி களையா கீது” என்று முடித்துவிட்டார்.

அடுத்த வாரம் அவருக்குப் பிறந்தநாள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம், லாரிகள் நிற்கும் இடத்தில் டீக்கடை எதிரே இருக்கும் உருண்டைத் தூணில் தாளைச் சுற்றிக் கட்டி, படத்தையும் “இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்” என்ற எழுத்தையும் ஏற்றினேன். அழகாக இருந்தது. படத்தை மாற்றும் கருவியை அன்றிரவே ஆய்வகத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுக் காலையில் வீட்டுக்கு வந்தேன். படித்த எனக்கும் தோன்றவில்லை, ஊரெல்லாம் சுற்றிய அவருக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் வாழ்த்து என்றால் கலர். சாவு என்றால் கருப்பு வெள்ளை. தூணில் கருப்பு வெள்ளையில் ஒரு முகம் தெரிந்தால் எழுத்தை யாரும் படிக்கமாட்டார்கள், வண்டியை நிறுத்தி “ஐயோ” என்றுதான் சொல்வார்கள்.

காலை டீ முடிவதற்குள் தூண் மறைகிற அளவுக்கு மாலைகள். யாரோ மேளத்துக்குச் சொல்லிவிட்டார்கள். பெரியப்பா அந்த நேரம் பக்கத்துத் தெரு சலூனில் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தாராம். மேளச் சத்தம் கேட்டதும் “யார்பா தவறிட்டது?” என்று கேட்டிருக்கிறார். “யாரோ லாரி சங்கத்துப் பெரிய கையாம்” என்று பதில் வந்தது. தேர்தலுக்கு நிற்பவர் ஒரு சாவுக்குப் போகாமல் இருந்தால் அந்த வீட்டு ஓட்டு போய்விடும். பாதி ஷேவிங்கோடு எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்து, வழியில் ஒரு மாலையும் வாங்கிக்கொண்டு, முகத்தைச் சோகமாக வைத்தபடி போய்க் கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது முன்னால் செயலாளர் பேசிக்கொண்டிருந்தார். நிஜமாகவே அழுதார். “இந்த ரோட்ல எவன் வண்டி நின்னாலும் மொத ஆளா ஓடியாருவாரு. கக்கூஸ் கட்சின்னு நான் கிண்டல் பண்ணேன். அவரு சொன்னதுதான் நாயம். அவரு மட்டும் இருந்திருந்தாருன்னா என் ஓட்டையே அவருக்குத்தான் போட்டிருப்பேன்!”

கூட்டம் மூக்கைச் சிந்தியது. பெரியப்பாவுக்கும் கண் கலங்கிவிட்டது. செத்தவர் யார் என்று அதற்குள் அவருக்குப் புரிந்திருந்தது. கடைசி வரிசையிலிருந்து தழுதழுத்த குரலில், “அப்ப போடு நைனா” என்றார்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. மேளக்காரர் மேளத்தைப் போட்டுவிட்டு ஓடினார். செயலாளர் தூணையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்து, “மொதல்ல அந்தப் படத்த அணைங்கடா!” என்று கத்தினார். ஒருவன் தாளின் ஓரத்தில் தொங்கிய ஒயரைப் பிடுங்கினான். படம் போகவில்லை. “ஒயரப் புடுங்கியும் சிரிச்சிகினு கீறாரே, இன்னா பேஜாரா கீது!” என்று அலறினான். கருவி தரமணியில். நான் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மின்தாளின் விஞ்ஞானத்தை விளக்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. பெரியப்பா மட்டும் தான் வாங்கிவந்த மாலையை வீணாக்காமல் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார்.

தேர்தலில் ஜெயித்தார். இரங்கலில் அப்படிப் பேசிய செயலாளரால் அதன் பிறகு மேடையில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியவில்லை. கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் வந்தன. செயலாளர் அவருக்கு மாலை டீக்கு மாறாத கூட்டாளியானார். எங்கள் ஆய்வகம் வேறு வேலைக்குப் போய்விட்டது. தாளைப் பெரியப்பா திருப்பித் தரவே இல்லை. “இந்தப் படம் எனக்கு ராசி. இது மேல கை வெக்காத கண்ணு” என்றார். இன்னொன்றும் சொன்னார். “நான் நெஜமா போனா கலர்ல போடு. கருப்பு வெள்ளையில போட்டா இந்த ஊர்ல ஒருத்தனும் நம்ப மாட்டான்.”

போன வருடம் போய்விட்டார். சொன்னபடி வீட்டு வாசலில் கலரில் பேனர் வைத்தேன். செயலாளர் மாலையோடு வந்து அதற்கு எதிரே வெகுநேரம் நின்றார். போடவில்லை. “உள்ள போய்ப் பாத்துட்டு வரேம்மா. இவர நம்ப முடியாது” என்று சிரிக்கப் பார்த்தார். உள்ளே போய் வந்தவர், மாலையை என் கையில் கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

இப்போது அவர்தான் தலைவர். முந்தாநாள் நான் சங்கத்துக்குப் போயிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் சுவரில் இருந்த தாளுக்குப் போட ஒரு ரோஜா மாலையோடு நாற்காலிமேல் ஏறினார். தலைவர் அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

“மால போடணும்னா வூட்ல கலர் படம் கீது, அங்க போய்ப் போடு. இதுல அவரு உசுரோட கீறாரு.”