பிஸ்கட்டுக்கு மயங்கிய காவல்காரன்

காலை ஏழேகாலுக்குத் தர்மபுரியில் ஒகேனக்கல் பஸ் ஏறினேன். அருவிக்குப் போகிற கூட்டம். வழியெல்லாம் மீன் வறுவலைப் பற்றியே பேச்சு. பென்னாகரம் தாண்டி நான் மட்டும் இறங்க, "இங்க என்னங்க இருக்குது?" என்றார் கண்டக்டர். நாய் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

குழந்தை இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். நாய்க்குட்டியும் குழந்தைதானே? பெட்டிக்கடையில் பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு, மண்பாதையில் இரண்டு கிலோமீட்டர் நடந்தேன்.

ஒன்பது மணிக்கு மாதம்மாளின் பட்டியை அடைந்தேன். என் நண்பரின் ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும். கடலை பிடுங்கிய காட்டில், நிலத்துக்கு எரு சேரட்டும் என்று ஆடுகளை அடைத்திருந்தார். செம்மறியும் வெள்ளாடுமாக அறுபது உருப்படி. அவற்றுக்குக் காவல் கறுப்பனும் செவளையும். இரண்டும் ஏழு மாத நாய்க்குட்டிகள். கண் திறந்த நாள் முதல் ஆட்டுக்குட்டிகளோடு ஒரே மூங்கில் கூண்டில் படுத்து, ஆட்டுப்பால் குடித்து வளர்ந்தவை.

அதுவரை மந்தையைக் காத்துவந்த அவற்றின் தாய்நாய் போன மாதம் பாம்பு கடித்துச் செத்துவிட்டதாம். போன வாரம் ஏரிக்கரையில் மூன்று ஆட்டுக்குட்டிகளைத் தெருநாய்கள் குதறிப் போட்டுவிட்டன. இன்றுதான் இந்த இரண்டும் கயிறில்லாமல் மந்தையோடு முதன்முதலாகப் போகின்றன. இவை தேறாவிட்டால் ஏரிப்பக்கம் மேய்ச்சலே கிடையாது, ஆட்டில் பாதியை விற்றுவிட வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டே மாதம்மாள் படலைத் திறந்தார். நான் அதற்குள் கறுப்பனைத் தடவிக்கொடுத்து இரண்டு பிஸ்கட்டும் போட்டுவிட்டிருந்தேன்.

மாதம்மாளின் முகம் சுருங்கியது. "அதுக்கு ஆடுங்கதாங்க சொந்தம். நாங்களே தொட்டுக் கொஞ்ச மாட்டோம். இனி பாருங்க, உங்க பின்னாடியேதான் வரும்."

வந்தான். மந்தை ஏரிப்பக்கம் நகர, கறுப்பன் என் காலையே சுற்றினான். விரட்டினால் விளையாட்டென்று வாலை ஆட்டினான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஒரு குடும்பத்தின் பிழைப்பில் பத்து ரூபாய்க்கு மண்ணள்ளிப் போட்டுவிட்டோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

வழியும் மாதம்மாளே கண்டுபிடித்தார். என்னை மந்தைக்கு நடுவில் போய் உட்காரச் சொன்னார். என்னைத் தேடி வந்தாலும் கறுப்பன் ஆடுகளோடுதானே இருந்தாக வேண்டும்? ஆகவே மத்தியானம் வரை நான் அறுபத்தோராவது ஆடு. ஒரு வெள்ளாடு என் பையின் வாரைப் பொறுமையாக மென்றது.

பன்னிரண்டு மணி இருக்கும். ஏரிக்கரை மேல் மூன்று தெருநாய்கள் தலைகாட்டின. செவளைதான் முதலில் குரைத்தாள். கறுப்பன் என் பக்கத்திலிருந்து எழுந்தான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டும் மந்தைக்கும் அந்த நாய்களுக்கும் நடுவே போய் நின்று குரைத்தன. துரத்தவுமில்லை, ஓரடி பின்வாங்கவுமில்லை. கறுப்பனின் பின்னங்கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. நடுங்கிக்கொண்டேதான் நின்றான். வந்தவை கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுக் கரையோடு போய்விட்டன. மாதம்மாள் கையில் வைத்திருந்த கல்லைக் கீழே போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு கறுப்பன் என்னிடம் வரவில்லை. ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொண்டான்.

நாலு மணிக்குக் கிளம்பினேன். திரும்பிப் பார்க்காமல் போகச் சொல்லியிருந்தார் மாதம்மாள். மனசு கேட்கவில்லை, பார்த்துவிட்டேன். கறுப்பன் என் பின்னால் பத்தடி வந்திருந்தான். மந்தையில் ஒரு குட்டி கத்தியது. அவ்வளவுதான், திரும்பி ஓடிவிட்டான். எனக்குச் சந்தோஷம், கொஞ்சம் வயிற்றெரிச்சலும்தான். சேலத்தில் எங்கள் வீட்டு நாய் மணி, பிஸ்கட் போட்டால் திருடனுக்கே வழிகாட்டுவான்.

பாதைத் திருப்பத்தில் மாதம்மாளின் குரல் எட்டியது.

"அடுத்த தடவ வூட்டுக்கு வாங்க சார், களி கிண்டிப் போடறேன். ஆனா வெறுங்கையோட வாங்க."