தகர டின்னும் தாழ்ந்த குறியும்

கொதித்த தண்ணீரைத் துப்பாக்கிக் குழலின் வாய் வழியாக ஊற்றுகிறார் ஆயம்மாள். அடியில் கறுப்பாக வடிகிறது. மூன்றாவது செம்பில் தெளிந்து வர வேண்டும். வராவிட்டால் நாலாவது செம்பு. பிறகு நீளக் கம்பியின் நுனியில் பழைய புடவைத் துணியைச் சுற்றி உள்ளே விட்டு இழுப்பார். இரும்புக்கு நல்லெண்ணெய், கட்டைக்குத் தேங்காய் எண்ணெய். குழல் நுனியில் இருக்கும் சந்தனக் குங்குமப் பொட்டை மட்டும் தொடமாட்டார். துணி அந்த இடத்துக்கு வந்ததும் தானாக ஒதுங்கிப் போகும்.

வயது ஐம்பத்திரண்டு. கல்வராயன் மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் மரவள்ளி. ஒவ்வொரு முறையும் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டு இடிக்க வேண்டிய ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி. பயிரைக் காக்க உரிமம் வாங்கியது. ஐந்து வருஷத்துக்கு முன் கணவர் இறந்ததும், அதைத் தன் பேருக்கு மாற்றுவதற்குக் கள்ளக்குறிச்சிக்கு நடையாய் நடந்தார். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார். திரும்பக் கிடைக்கும்வரை சோறு சரியாக இறங்காது. "பொண்ணக் கட்டிக் குடுத்த வூடு மாதிரி வெறிச்னு கீது" என்பார்.

கிழங்கு தின்ன வரும் காட்டுப்பன்றியை இவர் சுடுவதில்லை. டின்னைச் சுடுவார். நிலத்தின் மலைப்பக்க எல்லையில் நிற்கும் பனைமரத்தில் ஒரு பழைய எண்ணெய் டின் தொங்குகிறது; அதற்குப் பின்னால் ஆள் உயர மண்மேடு. "வெறும் வேட்டுச் சத்தம் அதுங்களுக்குப் பழகிப் போச்சுங்க. தீவாளின்னு நெனச்சிக்கினு தின்னுக்கினே கெடக்கும். தகரம் அலறினாத்தான் ஓடும்." விடியற்காலையில் கூட்டம் இறங்கும்போது ஒரே குண்டு. டின் அலறினால் அடுத்த பத்து நாளைக்குக் கிழங்கு பிழைக்கும்.

இந்த வருஷம் டின் அலறவில்லை. போன வருஷமே அடிவிளிம்பில்தான் பட்டுக்கொண்டிருந்தது. இந்தச் சித்திரையிலிருந்து குண்டு டின்னுக்குக் கீழே பனையைத் துளைத்தது. பன்றிகள் மூன்று பாத்தியைக் கிளறிப் போட்டன. கணவரின் அண்ணன் பூமாலை, பக்கத்து நிலத்துக்காரர், வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொம்பள கைக்கு அது அடங்காது ஆயம்மா. ஆவணியில லைசென்ஸ் புதுப்பிக்கணும் இல்ல? என் பையன் பேருக்கு எழுதிக் குடுத்துடு. உன் காட்டுக்கும் சேத்து அவனே பாத்துக்குவான்."

அவருடைய பையன் சேலத்தில் வேலை பார்க்கிறான். விடியற்காலையில் இங்கே வந்து எந்தக் காட்டைப் பார்ப்பான் என்று ஆயம்மாள் கேட்கவில்லை. துப்பாக்கி வீட்டைவிட்டுப் போனால் மரவள்ளியும் போகும், பிறகு நிலமே போகும் என்பது மட்டும் தெரிந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு, "ஆடி முடியறதுக்குள்ள குறி சரியாவலன்னா நானே எழுதிக் குடுத்துடறேன் மாமா" என்று சொல்லிவிட்டார். வாய் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டார்.

குற்றம் கண்டுபிடிப்பதில் ஆயம்மாளுக்கு ஒரு முறை உண்டு. "கொழம்பு கெட்டுப்போனா உப்பையும் புளியையும் ஒண்ணாவா கூட்டுவாங்க? ஒண்ண மாத்து, நாக்குல வச்சிப் பாரு." மண்மேட்டில் ஒரு பழைய முறத்தைச் சாத்தி, நடுவில் கரியால் வட்டம் போட்டார். ஒரு நாள் புது மருந்து. இன்னொரு நாள் மருந்துக்கு மேல் தேங்காய் நாருக்குப் பதில் பருத்தித் துணி அடைத்துப் பார்த்தார். குழலில் உருண்டு ஆடாத அளவுக்குக் குண்டைப் பொறுக்கிப் போட்டார். விசை இழுக்கும்போது கை பதறுகிறதோ என்று, மருந்து போடாத குழலின் மேல் ஒரு புளியங்கொட்டையை வைத்து இழுத்தார்; கொட்டை அசையவில்லை. கடைசியில் கள்ளக்குறிச்சிக்குப் போய்க் கண்ணைக் காட்டினார். ஊசியில் நூல் கோக்கும் கண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆடியில் நாலு நாள்தான் பாக்கி. முறத்தை மடியில் போட்டுக்கொண்டு களத்தில் உட்கார்ந்தார். மருந்தை மாற்றியும் துணியை மாற்றியும் சுட்ட ஐந்து ஓட்டைகள். ஐந்தும் வட்டத்துக்கு நேர் கீழே, ஒரு சாண் தள்ளி, ஒரே உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடந்தன.

"கை கெட்டதுன்னா அங்க ஒண்ணு இங்க ஒண்ணு போவும்" என்று முறத்திடமே சொன்னார். "இது தப்புறதுலயும் ஒழுங்காத் தப்புது. எதுவோ ஒண்ணு அசையாம ஒக்காந்துக்கினு கெடுக்குது."

துப்பாக்கியை எடுத்து அடியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே போனார். தொட்டது, துடைத்தது, மாற்றியது என்று ஒவ்வொன்றாகக் கழித்தார். கடைசியில் விரல் நுனிக்கு வந்து, பழக்கம்போல ஒதுங்கியது. தொடாதது அது ஒன்றுதான்.

ஆயுத பூஜையன்று அந்தப் பொட்டை வைப்பவர் பூமாலை. தாலியறுத்தவள் குங்குமம் தொடக்கூடாது என்று கணவர் இறந்த வருஷமே அந்த வேலையை அவர் எடுத்துக்கொண்டார். சுவரில் சாத்தியிருக்கும் துப்பாக்கியின் நுனிதான் அவர் கைக்கு வாகு. பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு, கட்டைவிரல் நிறைய. ஆயம்மாள் அதைச் சுற்றித் துடைத்துத் துடைத்து, எண்ணெய் ஊறி, ஐந்து வருஷச் சந்தனம் கல்லாகியிருந்தது. குறி பார்க்கும் சின்ன முனை உள்ளே புதைந்து போயிருந்தது. துவரம்பருப்பு அளவு இருந்தது இப்போது கொண்டைக்கடலை அளவு. அந்த உயரத்தைப் பின்பக்கப் பள்ளத்தோடு சேர்த்துப் பார்க்க, ஆயம்மாள் தன்னையறியாமல் குழலைத் தாழ்த்திக்கொண்டிருந்தார்.

கட்டைவிரல் நகத்தால் பொட்டை நெம்பினார். ஐந்து வருஷமும் ஒரே சில்லாகப் பெயர்ந்து வந்தது. விரலில் ஒட்டிய சிவப்பைப் பார்த்தபோது பயம் வரும் என்று நினைத்தார். வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மண்ணில் போட மனம் ஒப்பாமல், சில்லை எடுத்துப்போய்ப் பனையின் செதில் இடுக்கில் செருகினார்.

மறுநாள் விடியலில் டின் அலறியது. பன்றிகள் மலையேறின. வரப்புக்கு வந்த பூமாலை டின்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா, மருந்து மாத்தினியா?"

"இல்லீங்க மாமா. நல்லாத் தொடச்சேன்."

ஆவணியில் உரிமம் ஆயம்மாள் பேரிலேயே புதுப்பிக்கப்பட்டது.

ஆயுத பூஜையன்று பூமாலை வழக்கம்போலச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மண்வெட்டி, கடப்பாரை, மருந்தடிக்கும் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பினார். துப்பாக்கி அங்கே இல்லை. காலிக் குழலோடு அதை மடியில் கிடத்தி வைத்திருந்த ஆயம்மாள், அதன் அடிக்கட்டையை அவர் பக்கம் நீட்டினார்.

"இதுல வைங்க மாமா."

அவர் கட்டையில் வைத்தார். வைத்து, விரலைத் துண்டில் துடைத்து, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசல் இறங்கும்வரை, புடவை முந்தானையால் நுனியைப் பொத்தியிருந்த கையை ஆயம்மாள் எடுக்கவில்லை.