தலைவர் படுத்த கட்டில்

திருப்பூரிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில், பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்ளும் ஓர் ஊர். அங்கே ஒரு வதந்தி உலவுகிறது. பழைய பஞ்சுக் கிட்டங்கியில், வெள்ளைக்காரன் காலத்தில், போலீசுக்குத் தப்பிய பெரிய தலைவர் ஒருவர் ஓரிரவு படுத்திருந்தாராம். எந்தத் தலைவர் என்று கேட்டால் கட்சிக்கொரு பெயர் வருகிறது. விசாரித்துக்கொண்டே போனால், எல்லா வழியும் ரங்காத்தாளின் இட்லிச் சட்டியில் போய் முடிகிறது.

ரங்காத்தாள் குன்னத்தூர்க்காரி. புருஷன் போன பிறகு கிட்டங்கியின் முன்கட்டில் குடியிருந்து, பனியன் கம்பெனி ஆட்களுக்கு இட்லி சுட்டுப் பிழைத்தாள். அறுபத்தெட்டாம் வருஷம் நகராட்சிக்கு லாரி நிறுத்த இடம் தேவைப்பட்டது. கிட்டங்கியின் தேக்குத் தூண்களோ, கண்ணாடியாய் மின்னும் சுண்ணாம்புச் சுவரோ யார் கண்ணிலும் படவில்லை. இடிக்கலாம் என்பது மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டது.

அளக்க வந்த ஓவர்சியருக்குச் சட்னி ஊற்றியபடி ரங்காத்தாள் சொன்னாள்: "நல்லா இடிச்சுக்குங்க. தலைவரு படுத்த ஊடுன்னு எங்க மாமியா சொல்லுவாங்க. பாவம் உங்களுக்குத்தானுங்களே?"

மாமியார் குன்னத்தூரைத் தாண்டியதே இல்லை. அது வேறு விஷயம்.

ஓவர்சியரின் கை காய்வதற்குள் செய்தி சேர்மனை எட்டியது. அவரே பார்க்க வருகிறாராம். தலைவர் படுத்தாரென்றால் கட்டில் வேண்டாமா? ரங்காத்தாளோ பாயில் படுப்பவள். பக்கத்து வீட்டுக் கட்டிங் மாஸ்டர் கந்தப்பனிடம் ஓடினாள்.

"கந்தப்பா, உன்ற கயித்துக் கட்டில ஒரு பொழுதுக்குக் குடு சாமி."

"ஏனுங்க்கா, அது போன தைக்கு ஊத்துக்குளிச் சந்தையில வாங்குனதுங்க. தலைவரு எப்படிங்க அதுல..."

"அடுப்புப் பொகையில வெச்சா அதுக்கு அம்பது வயசாயிரும். பொழுது சாய உன்ற ஊட்டுல இருக்கும், குடு கண்ணு."

சேர்மன் வந்தார். தூண்களைத் திரும்பியும் பார்க்காமல், கட்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அம்மணி, இதுலயுங்களா படுத்தாரு?"

"இதுலதானுங்க. இந்தப் பக்கந்தான் தல வெச்சாருங்க."

அந்தப் பக்கத்துக்கு மாலை விழுந்தது. அது தன் கால் நீளும் பக்கம் என்று சொல்லக் கூட்டத்தில் நின்ற கந்தப்பனுக்கு நாக்குத் துடித்தது. ரங்காத்தாள் முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டது.

கட்டடம் பிழைத்து, நினைவிடமாயிற்று. பாதுகாக்கக் கிளம்பிவிட்ட நகராட்சியை அதன்பின் கையில் பிடிக்க முடியவில்லை. தேக்குத் தூண்களுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். சுண்ணாம்புச் சுவரைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசினார்கள். கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டி, தொடாதே என்று பலகை வைத்தார்கள். கடைசியில், புனிதமான இடத்தில் அடுப்புப் புகை ஆகாது என்று ரங்காத்தாளையும் வெளியே அனுப்பினார்கள்.

இப்போது அவள் எதிர்ச்சாரி வேப்பமரத்தடியில் இட்லி சுடுகிறாள். பார்க்க வருகிறவர்கள், "நெசமாலுமே படுத்தாருங்களா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொன்னால் இடித்துவிடுவார்கள். சுவர் நின்றால் என்றைக்காவது உள்ளே போகலாம். அதனால் இன்றுவரை "ஆமாங்க"தான்.

தரையில் படுத்துப் பிடித்துக்கொண்ட இடுப்போடு கந்தப்பன் காலையில் வந்து நிற்பான்.

"பொழுது சாயக் குடுத்தர்றேன்னீங்களே அக்கா, இன்னும் பொழுது சாயலீங்களா?"

அவள் அவன் இலையில் ஓர் இட்லியைக் கூடுதலாக வைப்பாள். வட்டி மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது.