கொடிமரத்தடியில் ஐந்து குரல்கள்

ஓர் ஓலைப்பெட்டி. உள்ளே பழைய துண்டு விரித்து, அதன்மேல் ஐந்து போன்கள். ஐந்திலும் கணக்கு வாத்தியாரின் முகம். தேவிபட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் குடியிருப்பில், மாதா கோவில் கொடிமரத்தடியில் அந்தப் பெட்டியைப் பார்த்த காலையை நான் மறக்கவில்லை.

கொரோனாவுக்காகப் பள்ளியை மூடியிருந்த காலம் அது. பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு நான் வகுப்பாசிரியை. பாடமெல்லாம் போனில்தான்; பிள்ளைகளின் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். பாதிப் பேர் வருவதில்லை; வருகிறவர்களும் பெயர் கூப்பிட்டதும் காணாமல் போவார்கள். அந்தக் குடியிருப்பின் ஐந்து பெண்கள் மட்டும் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஒருத்திக்குக் கீச்சுக்குரல், இன்னொருத்திக்கு எந்நேரமும் ஜலதோஷம். யார் பேசினாலும் பின்னால் ஒரு குழந்தை அழும். நெருக்கமான வீடுகள் போலும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தலைமையாசிரியையிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டு, அவர்களுக்குப் பரிசாகப் பேனாக்கள் வாங்கி, நேரிலேயே போனேன்.

கொடிமரத்தடியில் இருந்தது ஒருத்திதான். இடுப்பில் தம்பி. வாத்தியார் பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு போனாக எடுத்து, கீச்சுக்குரலில் ஒரு "உள்ளேன் சார்", மூக்கடைத்த குரலில் ஒரு "உள்ளேன் சார்". என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"அவளுக விக்கிறதுக்குப் பாசி எடுக்கக் கடலுக்குப் போயிருக்காளுக டீச்சர். எங்கம்மாவும் போயிருக்கு. இங்கனதான் டவர் கிடைக்கும். தம்பியத் தூக்கிக்கிட்டு நான் கரையிலதான கிடக்கேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடி?"

"சொன்னா ஆப்சென்ட் போட்டுருவீகள்ல."

தொண்டை வறள நான் நடத்தியதெல்லாம் ஓர் ஓலைப்பெட்டிக்குத்தானா? ஐந்து பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள். திட்டித் தீர்த்தேன். அவள் அழவில்லை. சாயங்காலம் அவர்களுக்கு எல்லாப் பாடத்தையும் தானே சொல்லிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். அதுவும் சும்மா இல்லையாம். "பள்ளிக்கூடம் தொறந்ததும் வாரத்துல ஆளுக்கொரு நாள் லீவு போட்டுத் தம்பியப் பார்த்துக்கிடுறோம்னு கொடிமரத்தத் தொட்டுச் சத்தியம் பண்ணியிருக்காளுக டீச்சர். நான் படிச்சிருவேன்." கொண்டுபோன பேனாக்களைக் கொடுக்காமலே பஸ் ஏறினேன்.

பள்ளி திறந்தது. பெயர் கூப்பிட்டேன். கீச்சுக்குரல்காரி என்று நான் நினைத்திருந்தவள் கரகரப்பாக "உள்ளேன் டீச்சர்" என்றாள். ஜலதோஷக்காரியின் குரல் கணீரென்று இருந்தது. நால்வரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து அவள் பெயர். பதில் இல்லை.

"தம்பிய இன்னைக்கு யாரு பார்க்குறா?"

"அவதான் டீச்சர்."

"முறை யாரோடது?"

நால்வரும் பெஞ்சையே பார்த்தார்கள். கடைசியில் ஒருத்தி வாயைத் திறந்தாள். "பரிட்சை வருதுல்ல டீச்சர். லீவு போட்டா வீட்டுல வையிறாக."

இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். அவள் அம்மா பாசிக்குப் போவதை நிறுத்தினால் அடுப்பு எரியாது. அவள் வரவேயில்லை.

நால்வரில் ஒருத்தி இப்போது ராமநாதபுரத்தில் கல்லூரிக்குப் போகிறாள். பஸ் ஸ்டாண்டில் கண்டால் ஓடிவந்து, "நல்லா இருக்கீகளா டீச்சர்?" என்று கேட்கிறாள். முகம் கொடுத்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை. என்னை ஏமாற்றியதைக்கூட எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்த ஓலைப்பெட்டி முன்னால் உட்கார்ந்து ஒருத்தி நான்கு பேருக்காகக் குரல் கொடுத்தாள். அவள் பெயரை நான் கூப்பிட்ட அன்று, பொய்யாகக்கூட நால்வரில் ஒருத்தியும் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லவில்லை.