என் நாவலுக்கு நான் கொடுத்த தேடல் சொற்கள்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது நாவல் எழுதி, நானே ஓர் இணையதளத்தில் வெளியிட்டேன். கணவனை இழந்த பெண் ஒருத்தி குன்றத்தூரில் வாடகை வீடு தேடி அலையும் கதை. எங்கள் லைனில் வேலை செய்த மேரி அக்கா பட்டதைக் கேட்டு, அவர் சம்மதத்தோடு எழுதியது.

எந்தச் சொற்களைத் தேடினால் புத்தகம் வர வேண்டும் என்று அந்தத் தளம் கேட்டது. 'விதவை', 'கள்ளக்காதல்' என்று கொடுத்தேன். கதையில் கள்ளக்காதலே கிடையாது. ஆனால் அதைத்தான் பலரும் தேடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

புத்தகம் நன்றாகவே விற்றது. ஒரு நாள் கேன்டீனில் அக்கா தன் போனை என்னிடம் நீட்டினார். புத்தகத்தின் பெயருக்குக் கீழே அந்தச் சொற்கள் தெரிந்தன.

"இன்னா தம்பி இது? நான் இதெல்லாமா உன்கிட்ட சொன்னேன்?"

"ஆளுங்க தேடுற வார்த்தை அக்கா, அதான் போட்டேன்."

"வூடு கேட்டுப் போன எடத்துலயும் என்னைப் பத்தி இதத்தான் பேசினானுங்க. நீயும் அதையே எழுதிக்கீற."

அவர் கத்தவில்லை. பாதிச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்றே அவற்றை நீக்கிவிட்டு, 'வாடகை வீடு', 'ஒரகடம்' என்று மாற்றினேன். அதன்பின் விற்பனை ஏறக்குறைய நின்றுபோனது. அக்காவும் என்னிடம் ஷிப்ட் விஷயம் மட்டும்தான் பேசுவார்.

புத்தகம் முழுக்க அவர் பக்கம் நின்று எழுதியதாகத்தான் நினைத்திருந்தேன். விற்க வேண்டும் என்று வந்ததும், வீடு தர மறுத்தவர்களோடு போய் நின்றுவிட்டேன்.